உத்திராபதியின் மாடி பஸ்

சிந்தாமணியும் அவள் அண்ணன் காசிநாதனும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. இருப்பது ஒரே தெரு. இவள் வாசலில் நின்று தும்மினால் அவன் கொல்லையில் கேட்கும். ஆனாலும் பேச்சு கிடையாது. வரப்புச் சண்டையா, நகைச் சண்டையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஊரே சிரிக்கும். சண்டை ஒரு பஸ்ஸுக்காக. அதுவும் அண்ணனும் தங்கையும் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பஸ்ஸுக்காக.

சிந்தாமணியின் புருஷன் உத்திராபதி அரியலூர் - செந்துறை ரோட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தவன். புத்திசாலி. லைசென்ஸ் எடுத்து, மெட்ராஸுக்குப் போய், அரசாங்க பஸ்ஸில் டிரைவராகவே உட்கார்ந்துவிட்டான். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். எழுபத்தைந்தாம் வருஷப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், வந்தோமா, கரும்பைக் கடித்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். டீக்கடையில் போய் வாயைத் திறந்தான்.

"எனக்கு இப்ப மாடி பஸ்ஸு குடுத்திருக்காங்க."

"அது என்னா மாடி பஸ்ஸு?"

"பஸ்ஸு மேல பஸ்ஸு. கீழ ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. ரெண்டுலயும் ஆளுவ ஒக்காந்திருப்பாங்க. உள்ளாறயே படிக்கட்டு இருக்கு."

டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ ஒருத்தன் கேட்டான்: "அப்ப மேல இருக்குற பஸ்ஸ யாரு மாப்ள ஓட்டுறா?"

அவ்வளவுதான். கிளாஸில் இருந்த டீயெல்லாம் சட்டையில் சிந்தும்படி சிரித்தார்கள். உத்திராபதி விடவில்லை. மேல் மாடியில் முன்னால் கண்ணாடியை ஒட்டிய சீட்டுக்குப் பெரிய மனுஷர்களே அடித்துக்கொள்வதையும், அந்த பஸ் வந்த புதிதில் ஜனங்கள் வேலை வெட்டி இல்லாமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அதிலேயே திரும்பி வந்ததையும், திருப்பத்தில் அது லேசாகச் சாயும்போது மேலே இருக்கிற பெண்கள் சாமி பெயரைச் சொல்வதையும் விரித்துச் சொன்னான். சொல்லச் சொல்லப் பொய்க்குக் கை கால் முளைத்த மாதிரிதான் ஊருக்குத் தோன்றியது. அன்றைக்கே அவனுக்கு 'மாடி' என்று பெயர் விழுந்தது. சிந்தாமணி 'மாடி பொண்டாட்டி' ஆனாள்.

அந்த வருஷம் ஆனியில் மகள் மலர்க்கொடிக்குக் காதுகுத்து. குழந்தைக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி இல்லாமல் சாமியே வந்து ஊசி எடுத்தாலும் குத்தக்கூடாது. காசிநாதன் சீர்த்தட்டோடு மேளம் வைத்து வந்தான். தங்கத்தில் கம்மல் செய்து எடுத்து வந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா ஊர்க்காரர் பாவாடை வந்து சேர வேண்டும்! கோர்ட்டு வேலையாக மெட்ராஸுக்குப் போன பாவாடை அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்.

"மூணு நாளு மெட்ராஸ் பூரா சுத்துனேன்யா. ஒரு மாடி பஸ்ஸும் என் கண்ணுல படல. எல்லாம் நம்மூரு பஸ்ஸு மாரி ஒத்தை பஸ்ஸுதான்."

பந்தலே சிரித்தது. காசிநாதன் எல்லோருக்கும் மேலே சிரித்தான். மச்சினன் மாப்பிள்ளை கேலிதான், வேறொன்றுமில்லை. ஆனால் கேலிக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது அவனுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

"மாப்ள, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்யா. மாடி பஸ்ஸுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, பாதி மீசைய எடுத்துட்டு செந்துறை சந்தையில வந்து நிக்கிறேன்!"

உத்திராபதியின் முகம் கறுத்துப்போனது. நேரே வந்தான். குழந்தையை மச்சானின் மடியிலிருந்து தூக்கினான்.

"அந்த பஸ்ஸ ஒன் கண்ணு முன்னால கொண்டாந்து நிறுத்துவேன். அன்னிக்கு என் புள்ள ஒன் மடியில ஒக்காரும். அது வரைக்கும் அவ காதுல ஊசி படாது."

இப்படித்தான் பேச்சு நின்றது. அடுத்த மாதமே உத்திராபதி ஒரு போட்டோ அனுப்பினான், அத்தாட்சியாக. அந்த போட்டோக்காரன் நாசமாகப் போக. ஆளின் முகம் நன்றாக விழ வேண்டும் என்று கிட்ட நின்று எடுத்திருந்தான். காக்கிச் சட்டையில் உத்திராபதி ஜோராக நிற்கிறான். பின்னால் பஸ். பஸ்ஸுக்கு மேலே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் படம் முடிந்துவிட்டது. ஊர் அந்தப் படத்தையும் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்துத் தீர்த்தது.

மலர்க்கொடி வளர்ந்தாள். ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் 'மூளிக்காதி' என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள். சிந்தாமணி அவளைக் கட்டிக்கொண்டு, "ஒங்கப்பா கொண்டாருவாரு, பாரு" என்பாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏனென்றால் யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அவளுக்கே அந்த பஸ்மேல் நம்பிக்கை இல்லை. பஸ் பேச்சே எடுக்காமல், ஒரு நாளாவது மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். ஒரு ரூமில் எட்டு ஆம்பிளைகள் தங்கியிருக்கிறோம், உன்னை எங்கே தங்க வைப்பது என்று அவன் தள்ளிக்கொண்டே போனான். நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் வாய்ப்பேச்சில் ஆரம்பித்த பொய்யை விழுங்க முடியாமல் நிற்கிறானோ? அதற்காகப் பிள்ளையின் காதைப் பணயம் வைத்துவிட்டானோ? இதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது.

'திருச்சியில் பொருட்காட்சி வைக்கிறார்கள். அதில் நிறுத்த ஒரு மாடி பஸ்ஸைக் கொண்டுபோகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரம்பலூரைத் தாண்டும். பிள்ளையை அழைத்துக்கொண்டு மெட்ராஸ் ரோட்டில் வந்து நில். உன் அண்ணனையும் அழைத்து வா.'

சிந்தாமணி அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தாள். இனித் தப்பிக்க வழி இல்லை. வந்தால் வாழ்வு. வராவிட்டால் ஊரில் தலை நிமிர முடியாது, பிள்ளையின் காதும் அப்படியேதான். பேசாமல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு எழுந்து, ஆறு வருஷமாக மிதிக்காத அண்ணன் வாசலை மிதித்தாள்.

காசிநாதன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் முறத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். சிந்தாமணி அண்ணனைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தாள்.

"ஏ மாடே! வெள்ளிக்கிழம பெரம்பலூருக்கு மாடி பஸ்ஸு வருதாம். கண்ணு இருக்கறவங்க வந்து பாக்கலாமாம்."

காசிநாதனும் மாட்டைத்தான் பார்த்தான்.

"மாடே, எனக்கும் வெள்ளிக்கிழம பெரம்பலூர்ல ஒரு சோலி இருக்கு. அதுக்காகத்தான் போறேன். எந்த பஸ்ஸையும் பாக்கப் போவல. சொல்லிட்டேன்."

மாடு தண்ணீரைக் குடித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் 'சோலி' ஊரில் இருபது பேருக்கு இருந்தது. செந்துறையில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் வந்து இறங்கினார்கள். சிந்தாமணி முன்சீட்டில், காசிநாதன் கடைசி சீட்டில். பதினோரு மணிக்கெல்லாம் மெட்ராஸ் ரோட்டில் வடக்கே பார்த்து நின்றாயிற்று. வெயில் என்றால் வெயில், தலையில் சோறு வடிக்கலாம். பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. லாரி வந்தது, டிராக்டர் வந்தது, கட்டை வண்டி வந்தது. ஒன்றின் தலையிலும் இன்னொன்று இல்லை.

"மேல இருக்குற டிரைவரு தூங்கிட்டாரு போலிருக்கு. எறங்கிப் போயி எழுப்பிட்டு வருவாங்க" என்றார் பாவாடை. எல்லோரும் சிரித்தார்கள். காசிநாதன் மட்டும் ஏனோ சிரிக்கவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குச் சிந்தாமணி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வருவாராம்மா?" என்று கேட்டாள்.  சிந்தாமணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். மூளிக் காது கையில் பட்டது.

நாலு மணிக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு லாரி டீக்கடையில் நின்றது. டிரைவர் இறங்கியும் இறங்காமலும் கத்தினான்.

"அங்க ஒரு மைலுல ஒரு வூடு புளியமரத்துல மாட்டிக்கிட்டு நிக்குதுய்யா! செவப்பா! சன்னலெல்லாம் இருக்கு!"

சிந்தாமணி ஓடினாள். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பது வயதை எட்டப் போகிற பெண்பிள்ளை, தார் ரோட்டில் தலைமுடி அவிழ ஓடினாள். பின்னால் ஊரே ஓடியது. சாலை வளைந்தது. வளைவில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். அவற்றின் இலைக்கு நடுவே, காக்காய் உட்காரும் உயரத்தில், அவள் ஒரு சன்னலைப் பார்த்தாள்.

நின்றுவிட்டாள்.

முதலில் கீழ் வரிசை சன்னல்களை எண்ணினாள். அப்புறம் தலையை நிமிர்த்தி மேல் வரிசையை எண்ணினாள். இரண்டு. ஆமாம், இரண்டு வரிசை. மறுபடி எண்ணினாள். அம்மாடியோ! இவ்வளவு பெரியதா? இத்தனை நாளும் இதைத்தானா அந்த மனுஷன் நாலு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்? சொன்னது பொய் இல்லை. சொன்னது போதாது. தகரமும் கண்ணாடியுமாக, கோயில் தேர் அளவுக்கு, நல்ல சிவப்பில், தார் ரோட்டில் சக்கரம் வைத்து நிற்கிறது. அவள் கைகள் தாமாகக் கும்பிட்டுக்கொண்டன. கண்ணில் நீர் கொட்டியது. பாவாடை வாயைத் திறந்தவர் மூடவில்லை.

உத்திராபதி கீழே நின்றிருந்தான். இரண்டு நாளாக ஓட்டி வந்த களைப்பு முகத்தில். கூட வந்த ஆபீசர் ஒருத்தர் மரத்தடியில் ஒரு காவல்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வழி நெடுகக் கிளையைத் தூக்கியும் ஒதுக்கியும் வந்துவிட்டார்களாம். இங்கே மட்டும் காய் கனத்துக் கிளைகள் தாழ்ந்து, மேல் மாடியின் நெற்றியில் இடிக்கின்றன. வெட்டலாம் என்றால் காவல்காரன் விடவில்லை. "ஏலம் எடுத்த மரம் சார். பழம் உலுக்குற நேரம். கெளைய வெட்டுனா எங்க முதலாளி என்னைய வெட்டுவாரு."

"அப்ப திரும்பிப் போவ வேண்டியதுதான்" என்றார் ஆபீசர்.

திரும்பியா! பெரம்பலூருக்குள் நுழையாமலா! சிந்தாமணி புருஷனைப் பார்த்தாள். அவன் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காசிநாதன் பஸ்ஸைச் சுற்றி வந்தான். பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான், மாடு வாங்குகிறவன் மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு தலையை அண்ணாந்து கிளைகளைப் பார்த்தான். இருபது வருஷமாக ஊர்த் தேரின் உச்சியில் உட்கார்ந்து, கவட்டைக் கம்பால் மரக்கிளையையும் கரண்டுக் கம்பியையும் விலக்கித் தேரைக் கொண்டுவந்து நிலை சேர்க்கிறவன் அவன்தான். உயரமான ஒன்று வழியில் சிக்கி நிற்பதை அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"இந்தக் கெளைய எதுக்குய்யா வெட்டணும்? அந்தக் கெணத்துலேருந்து கமலைக் கயிறு கொண்டாங்கடா. ஒரு கவட்டக் கம்பு குடுங்க. ரெண்டு பேரு மரத்துல ஏறு!"

தேர் இழுக்கிற ஆட்கள் அல்லவா, சொன்னது சொன்னபடி நடந்தது. கிளைகளில் கயிற்றைக் கட்டி மேல் கிளைக்கு இழுத்துப் பிடித்தார்கள். ஒரு பழம் உதிரவில்லை. காசிநாதன் மரத்தின் வழியாக ஏறிப் பஸ்ஸின் உச்சியில் கால் பரப்பி உட்கார்ந்தான். உத்திராபதி ஏறி இஞ்சினைக் கிளப்பினான். இப்போது மேலே இருக்கிறவன் சொல்ல வேண்டும், கீழே இருக்கிறவன் கேட்க வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லையே!

"ஏ பஸ்ஸே!" என்று கூப்பிட்டான் காசிநாதன். "கொஞ்சம் எடது பக்கம் ஒடிச்சு வா!"

"ஏ ஸ்டீரிங்கு! எடது பக்கம் ஒடிக்கச் சொல்றாங்க, ஒடி!" என்றான் உத்திராபதி.

கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. பஸ் அசைந்தது. அசைந்து, ஆடி, இலைகள் கண்ணாடியை உரச உரச, ஒவ்வொரு முழமாக நகர்ந்தது. இத்தனை பெரிய உருவம் ஒரு மனுஷனின் கம்பு அசைவுக்குக் கட்டுப்பட்டு வருவதைப் பார்த்துச் சிந்தாமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். உடனே எல்லாப் பெண்களும் போட்டார்கள்.

நாலாவது மரத்தில் இலைக்குள் மறைந்திருந்த ஒரு மொட்டைக் கிளை. காசிநாதன் கடைசி நொடியில்தான் பார்த்தான். அது நேரே அவன் நெஞ்சுக்கு வந்தது.

"மாப்ள! நிறுத்து மாப்ள!"

பஸ் குலுங்கி நின்றது. கிளைக்கும் காசிநாதன் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.  கீழே உத்திராபதி சன்னல் வழியாகத் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தான்.

"ஒண்ணும் ஆவலியே மச்சான்?"

"ஒண்ணும் இல்ல மாப்ள. நீ பைய வா."

பெரம்பலூருக்குள் பஸ் நுழைந்தபோது கடைகளில் தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மாடி வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று பஸ்ஸின் மாடியை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஆபீசர், டீ குடிக்கிற நேரம் நிற்கலாம் என்றார். காசிநாதன் தலையெல்லாம் புளிய இலையோடு இறங்கி வந்தான். கூட்டத்தின் நடுவில் நின்று மீசையைத் தடவினான்.

"சவரக்காரரக் கூப்புடுங்கடா. சொன்னா சொன்னதுதான்."

சிந்தாமணி முன்னால் வந்தாள். இந்த முறை பேச மாடு தேடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தாள்.

"மீசை கெடக்குதுண்ணே. மடியக் குடு."

 காசிநாதன் வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே கம்மல். ஆறு வருஷத்துக்கு முன் செய்த அதே கம்மல்.

"பஸ்ஸே வராதுன்னியே. அப்ப இத எதுக்கு எடுத்தாந்த?" என்று கேட்டாள் சிந்தாமணி.

"ஒருவேள வந்துட்டா?" என்றான் காசிநாதன். 

கடைத்தெருவிலிருந்து ஆசாரியைப் பிடித்து வந்தார்கள். பஸ்ஸுக்குள் படி ஏறினார்கள். முன் கண்ணாடியை ஒட்டிய சீட்டில் தாய்மாமன் உட்கார, அவன் மடியில் மலர்க்கொடி உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை மடி கொள்ளாமல் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரம்பலூர் முழுக்கத் தெரிந்தது. ஓட்டுக் கூரைகளின் முதுகு, மொட்டை மாடியில் காயும் மிளகாய், கரண்டுக் கம்பத்தில் ஒரு மைனாக் கூடு, அதற்குள் நீல முட்டை.

"மாமா, முட்டை!" என்றாள். அதற்குள் இரண்டு காதும் குத்தி முடிந்திருந்தது.

சமயபுரம் வரைக்கும் இப்படித்தான் மரம் இருக்கும், கூட வந்தால் நல்லது என்று ஆபீசர் காசிநாதனைக் கேட்டுக்கொண்டார். கேட்கவா வேண்டும்! கவட்டைக் கம்போடு உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பிள்ளையைக் குஞ்சம்மாளிடம் விட்டுவிட்டுச் சிந்தாமணி பஸ்ஸை விட்டு இறங்கி, டிரைவர் சன்னல் பக்கம் வந்து நின்றாள். சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் அடைத்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது.

"ஏங்க, நானும் நம்பலீங்க."

உத்திராபதி ஸ்டீரிங்கில் கை வைத்தபடி இருந்தான். "தெரியும்" என்றான்.

"எப்புடித் தெரியும்?"

"ஊர்ல அத்தன பேரும் ஆயிரம் கேள்வி கேட்டாங்க. நீ மட்டும் ஒண்ணுகூடக் கேக்கல. கேட்டா நான் மாட்டிக்குவேன்னு பயந்துட்ட."

சிந்தாமணி முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அண்ணாந்து அந்த இரண்டு வரிசை சன்னல்களையும் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஆறு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"மேல இருக்குற பஸ்ஸ யாருங்க ஓட்டுறா?"

உத்திராபதி சிரித்தான். இஞ்சினைக் கிளப்பினான்.

"இன்னிக்கி, ஒங்கண்ணன்."